கட்டுப்பாட்டு மருந்துகள்: எந்த பார்மசியில் வாங்கினாலும் பதிவாவது எப்படி?

அமெரிக்காவில் கடுமையான வலிக்கோ, தூக்கத்துக்கோ, ஏ.டி.எச்.டி.க்கோ (கவனக்குறைபாட்டுக் கோளாறு) மாத்திரை எடுப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் மூன்று கருத்துகள் தவறாமல் வந்து விழும். "டி.இ.ஏ. (கூட்டரசின் போதைப்பொருள் தடுப்பு முகமை) உட்கார்ந்து எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே இருக்கு." "இன்ஷூரன்ஸைக் காட்டாம கைக்காசு கொடுத்தா எங்கேயும் பதிவாகாது." "கம்ப்யூட்டர் வேண்டாம்னு சொல்லிட்டா பார்மசியில கொடுக்க மாட்டாங்க." மூன்றுமே தவறு. ஆனால் மூன்றுக்கும் பின்னால் உண்மையின் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருப்பதால் எளிதில் போவதில்லை.

உண்மையில் இருப்பது மாநில அரசுகள் நடத்தும் ஒரு பதிவேடு. அது யாரையும் தடுப்பதில்லை. கடையில் கைமாறிய மருந்தை எழுதி வைக்கிறது, கேட்பவருக்குக் காட்டுகிறது. மற்றதெல்லாம் அதைப் படிக்கும் மனிதரின் முடிவு.

## முதலில், எந்த மருந்துகள்?

1970இல் வந்த கன்ட்ரோல்டு சப்ஸ்டன்ஸஸ் சட்டம், அடிமையாக்கும் தன்மை உள்ள பொருட்களை ஐந்து அட்டவணைகளாகப் பிரித்தது. இந்த அட்டவணைகளில் இருப்பவையே கட்டுப்பாட்டு மருந்துகள். சட்டத்தை அமல்படுத்துவது டி.இ.ஏ. என்ற கூட்டரசு முகமை.

முதல் அட்டவணையில் ஹெராயின் போன்றவை. அவற்றுக்குச் சீட்டே எழுத முடியாது, ஆகவே பார்மசிக்கு அவை வருவதில்லை. இரண்டாம் அட்டவணைதான் கெடுபிடி மிகுந்தது: ஆக்ஸிகோடோன், மார்ஃபின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு (அபின் வகை) வலி மருந்துகளும், ஏ.டி.எச்.டி.க்குத் தரும் ஆடெரால், ரிட்டலின் போன்றவையும் இதில் அடங்கும். ஹைட்ரோகோடோன் கலவை மாத்திரைகள் 2014 அக்டோபரில்தான் மூன்றிலிருந்து இரண்டுக்கு ஏற்றப்பட்டன. மூன்றில் கெட்டமின், டெஸ்டோஸ்டிரோன், பியூப்ரினார்ஃபின். நான்கில் பதற்றத்துக்குத் தரும் ஸானாக்ஸ், வேலியம், தூக்கத்துக்குத் தரும் ஆம்பியன், வலிக்குத் தரும் டிரமடோல். ஐந்தில் லிரிகா, சிறிதளவு கோடீன் கலந்த இருமல் மருந்துகள்.

நடைமுறையில் பெரிய வித்தியாசம் ரீஃபில்தான், அதாவது அதே சீட்டில் மறுபடி வாங்குவது. இரண்டாம் அட்டவணை மருந்துக்கு ரீஃபில் கிடையாது; ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு வேண்டும். மூன்றுக்கும் நான்குக்கும் சீட்டு எழுதிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் 5 ரீஃபில் வரை வாங்கலாம். இரண்டாம் அட்டவணை மருந்தை மாதாமாதம் எடுப்பவருக்கு மருத்துவர் ஒரே நாளில் பல சீட்டுகளை எழுதி, ஒவ்வொன்றிலும் 'இந்தத் தேதிக்கு முன் கொடுக்கக் கூடாது' என்று குறித்துத் தரலாம். மொத்தம் 90 நாள் மருந்தைத் தாண்டக் கூடாது. இதை ரீஃபில் என்று நினைத்துக்கொண்டு தேதிக்கு முன்பே கடைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் நிறைய.

மாநிலங்கள் இந்தப் பட்டியலோடு தங்கள் பங்குக்கும் சேர்த்துக்கொள்ளலாம். நரம்பு வலிக்குத் தரும் கேபாபென்டின் கூட்டரசுப் பட்டியலில் இல்லை. ஆனால் கென்டக்கி 2017இல் அதை ஐந்தாம் அட்டவணையில் சேர்த்தது. நெப்ராஸ்கா இன்னும் ஒரு படி மேலே போய், 2018 ஜனவரி முதல் பார்மசியில் வழங்கப்படும் எல்லாச் சீட்டு மருந்துகளையும் பதிவேட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டது. சர்க்கரை மாத்திரை உட்பட.

## சிபிலை நினைத்துக்கொள்ளுங்கள்

இந்தப் பதிவேட்டின் பெயர் பிரிஸ்கிரிப்ஷன் டிரக் மானிட்டரிங் புரோகிராம், சுருக்கமாக பி.டி.எம்.பி. இந்தியாவில் வீட்டுக்கடன் வாங்க முயன்ற எவருக்கும் இதன் வேலை சட்டென்று புரியும். நீங்கள் எந்த வங்கியில் கடன் வாங்கினாலும் அந்த வங்கி சிபிலுக்குத் தகவல் அனுப்புகிறது. அடுத்த வங்கி உங்கள் விண்ணப்பம் வந்ததும் சிபிலைக் கேட்டுப் பார்க்கிறது. கடன் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது வங்கி, சிபில் அல்ல. சிபிலில் தவறு இருந்தால் அதைத் திருத்த, தகவலை அனுப்பிய வங்கியே மறுபடி அனுப்ப வேண்டும்.

வங்கி இருக்கும் இடத்தில் பார்மசியையும், கடன் இருக்கும் இடத்தில் கட்டுப்பாட்டு மருந்தையும் வைத்தால் பி.டி.எம்.பி. வந்துவிடும். ஒப்புமை இடறுவது ஒரே இடத்தில்: சிபில் நாடு முழுவதற்கும் பொது, பி.டி.எம்.பி. மாநிலத்துக்கு ஒன்று. 50 மாநிலங்களும் வாஷிங்டன் டி.சி.யும் தனித்தனியாக வைத்திருக்கின்றன. பொறுப்பு சில மாநிலங்களில் சுகாதாரத் துறையிடம், சிலவற்றில் பார்மசி வாரியத்திடம், கலிஃபோர்னியாவில் நீதித் துறையிடம். கலிஃபோர்னியாவின் ஏற்பாடு 1939லேயே காகிதப் படிவங்களோடு தொடங்கியது. கடைசியாக வந்தது மிசூரி: 2021இல் சட்டம், 2023 டிசம்பரில் மாநிலம் தழுவிய இயக்கம்.

ஆக, டி.இ.ஏ. பட்டியலைத் தீர்மானிக்கிறது, மருத்துவருக்கும் பார்மசிக்கும் உரிமம் தருகிறது. உங்கள் சீட்டுகளின் வரலாற்றை வைத்திருப்பது மாநிலம்.

## ஒரு சீட்டின் பயணம்

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகும் ஒருவருக்கு ஆக்ஸிகோடோன் 5 மி.கி., 20 மாத்திரை, 6 மணி நேரத்துக்கு ஒன்று என்று மருத்துவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 5 நாள் மருந்து.

எழுதும் முன்பே மருத்துவர் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்பது பல மாநிலங்களில் கட்டாயம். நியூயார்க்கில் 2013 ஆகஸ்ட் முதல், இரண்டிலிருந்து நான்கு வரையிலான அட்டவணை மருந்தை எழுதுவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் பார்த்திருக்க வேண்டும். பெரும்பாலும் மருத்துவரே உட்கார்ந்து தேடுவதில்லை. அவர் பெயரில் அனுமதி பெற்ற செவிலியரோ உதவியாளரோ எடுத்து வைப்பார். இப்போது பல மருத்துவமனை மென்பொருள்களில் நோயாளியின் பக்கத்திலேயே ஒரு பொத்தான் இருக்கிறது.

பிறகு சீட்டு மின்வழியில் போகிறது. சாதாரண மருந்துக்கு ஒரு சொடுக்கு போதும். கட்டுப்பாட்டு மருந்துக்கு மருத்துவர் இரண்டு விதமாகத் தன்னை நிரூபிக்க வேண்டும். கடவுச்சொல்லோடு கைபேசியில் வரும் குறியீடு அல்லது கைரேகை என்பது போல. இதனால்தான் 'டாக்டர் அனுப்பிட்டேன்னு சொல்றார், கடையில வரலைன்னு சொல்றாங்க' என்ற தகராறு இந்த மருந்துகளில் அதிகம். சீட்டு தயாராகி, இரண்டாவது கையொப்பத்துக்காக மருத்துவரின் வரிசையில் காத்துக்கிடக்கும்.

பார்மசியில் மருந்தாளுநர் பார்ப்பவற்றில் ஒன்று மருத்துவரின் டி.இ.ஏ. எண். இரண்டு எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கம் சோதனை இலக்கம்: முதல், மூன்றாம், ஐந்தாம் இலக்கங்களைக் கூட்டுங்கள், இரண்டாம், நான்காம், ஆறாம் இலக்கங்களைக் கூட்டி இரண்டால் பெருக்குங்கள், இரண்டு விடைகளையும் சேர்த்தால் வரும் எண்ணின் கடைசி இலக்கம் ஏழாம் இலக்கத்தோடு பொருந்த வேண்டும். 1234563 என்ற எண்ணை எடுத்தால் 1+3+5=9, (2+4+6)×2=24, மொத்தம் 33, கடைசி இலக்கம் 3. பொருந்துகிறது. போலிச் சீட்டு அச்சடித்தவர்களில் அரைகுறைகள் இங்கேயே மாட்டிக்கொள்வார்கள். கெட்டிக்காரர்கள் உண்மையான மருத்துவரின் எண்ணைத் திருடுவார்கள்.

இன்ஷூரன்ஸ் ஒப்புதல், மாத்திரையை எண்ணுதல், மருந்தாளுநரின் கடைசிச் சரிபார்ப்பு, நோயாளியின் கையில் பை. இதுவரை பதிவேட்டுக்கு இந்தச் சீட்டைப் பற்றி எதுவும் தெரியாது. எழுதப்பட்ட சீட்டு அதில் ஏறுவதில்லை. வழங்கப்பட்ட மருந்துதான் ஏறும். மருத்துவர் எழுதிக் கொடுத்து நீங்கள் வாங்காமலே விட்ட சீட்டு அங்கே இருக்கக் கூடாது.

பெரும்பாலான மாநிலங்களில் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் பார்மசி தகவலை அனுப்பியாக வேண்டும். வழக்கமாகக் கடையின் கணினி இரவில் அன்றைய கட்டுப்பாட்டு மருந்துகளை மட்டும் ஒரு கோப்பாகத் திரட்டித் தானாக அனுப்பிவிடும். கோப்பின் வடிவம் எல்லா மாநிலங்களுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், ஏ.எஸ்.ஏ.பி. என்ற அமைப்பு வகுத்தது. அதில் இருப்பவை: நோயாளியின் பெயர், பிறந்த தேதி, பாலினம், முகவரி, மருந்தின் 11 இலக்க என்.டி.சி. எண் (எந்த நிறுவனம், எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்தப் பொதி என்பதை ஒரே எண்ணில் சொல்வது), எத்தனை மாத்திரை, எத்தனை நாளுக்கு, எழுதிய தேதி, நிரப்பிய தேதி, எத்தனையாவது ரீஃபில், மருத்துவர், பார்மசி இருவரின் டி.இ.ஏ. எண்; பணம் செலுத்திய விதம்.

கைக்காசுக் கதை இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் கவிழ்கிறது. பணம் எப்படிக் கொடுத்தாலும் பதிவு போகும்; 'ரொக்கம்' என்பதும் சேர்ந்து போகும். இன்ஷூரன்ஸ் இருக்கும்போதே ஒருவர் ஓபியாய்டுக்கு மட்டும் ரொக்கம் கொடுத்தால் மருந்தாளுநர் நிமிர்ந்து பார்ப்பார். மறைக்க நினைத்த செயலே கண்ணில் படுகிறது.

அன்றைக்கு ஒரு கட்டுப்பாட்டு மாத்திரைகூட விற்காத கடை, பல மாநிலங்களில், 'இன்று பூஜ்யம்' என்று அறிக்கை அனுப்ப வேண்டும். வீண் வேலை போலத் தோன்றும். ஆனால் அது இல்லாவிட்டால், விற்பனையே இல்லாத கடைக்கும் அனுப்ப மறந்த கடைக்கும் மாநிலத்தால் வித்தியாசம் காண முடியாது.

சுருக்கிச் சொன்னால், பதிவேட்டில் ஏறுவது வழங்கிய மருந்து; ஏற்றுவது பார்மசி; தாமதம் பெரும்பாலும் ஒரு வேலை நாள் வரை. வெள்ளி இரவு வாங்கியது திங்கள் காலையில் தெரியாமலும் இருக்கலாம். ஓக்லஹோமா மட்டும் இதில் அவசரக்காரர்: 2012 முதல் 5 நிமிடத்துக்குள் அனுப்பச் சொல்கிறது.

## 'கம்ப்யூட்டர் வேண்டாம் என்றது': எந்தக் கம்ப்யூட்டர்?

பார்மசிக் கவுண்டரில் மறுப்பு வந்ததும் எல்லாப் பழியும் பதிவேட்டின் தலையில் விழுகிறது. அநேகமாக அது வேறொன்றாக இருக்கும்.

'ரொம்ப சீக்கிரம் வந்துட்டீங்க' என்ற பதில் பெரும்பாலும் இன்ஷூரன்ஸிடமிருந்து வருவது. பில் போட்ட சில நொடிகளில் அவர்கள் கணினி, முந்தைய மருந்து இன்னும் தீர்ந்திருக்காது என்று கணக்குப் போட்டு 79 என்ற எண்ணோடு திருப்பி அனுப்பும். இரத்த அழுத்த மாத்திரைக்கும் இதே 79 வரும். அது 'நாங்கள் பணம் தர மாட்டோம்' என்பது மட்டுமே. 'கொடுக்கக் கூடாது' என்பதல்ல. ஆனால் கட்டுப்பாட்டு மருந்தில், இன்ஷூரன்ஸ் மறுத்ததைக் கைக்காசுக்குக் கொடுக்க மருந்தாளுநர் தயங்குவார்.

இரண்டாவது, அந்தக் கடையின் அல்லது சங்கிலிக் கடைகளின் சொந்த விதி. ஒரே நிறுவனத்தின் கிளைகள் நோயாளிக் கணக்கைப் பகிர்ந்துகொள்கின்றன. இத்தனை நாளுக்கு முன் தரக் கூடாது என்று தங்களுக்குள் வரம்பும் வைத்திருக்கின்றன.

மூன்றாவது, மருந்தாளுநரின் சொந்தப் பொறுப்பு. கூட்டரசு விதிப்படி, சீட்டு நியாயமான மருத்துவக் காரணத்துக்காக எழுதப்பட்டதா என்பதில் மருத்துவருக்கு மட்டுமல்ல, கொடுப்பவருக்கும் இணையான பொறுப்பு உண்டு. 'டாக்டர் எழுதினார், நான் கொடுத்தேன்' என்று அவர் தப்பிக்க முடியாது. வீடு ஒரு ஊரில், மருத்துவர் 100 மைல் தள்ளி, கடை வேறொரு திசையில் என்றால் கேள்வி எழும். ஓபியாய்டும் ஸானாக்ஸ் வகை மருந்தும் சேர்ந்து வந்தால், இரண்டும் மூச்சை மட்டுப்படுத்தும் என்பதால், மருத்துவருக்கு ஒரு போன் போகும். பதிவேடு இந்த இடத்தில் அவர் புரட்டிப் பார்க்கும் பல தாள்களில் ஒன்று.

எனவே மறுப்பு வந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "இது இன்ஷூரன்ஸ் மறுப்பா, உங்கள் கடை விதியா, இல்லை ரிப்போர்ட்டில் ஏதாவது பார்த்தீர்களா?" மூன்றுக்கும் தீர்வு வெவ்வேறு இடத்தில் இருக்கிறது.

## மாநில எல்லையைத் தாண்டினால்?

நியூஜெர்சியில் குடியிருந்து நியூயார்க்கில் வேலை பார்ப்பவர் இரண்டு பக்கமும் மருந்து வாங்கலாம். பதிவு அந்தந்த மாநிலத்தில் ஏறும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வழி உண்டு: மாநில பார்மசி வாரியங்களின் தேசியச் சங்கமான என்.ஏ.பி.பி. 2011இல் தொடங்கிய இன்டர்கனெக்ட் என்ற இணைப்பும், கூட்டரசு நிதியில் இயங்கும் ஆர்.எக்ஸ்.செக் என்ற இணைப்பும். இவை தகவலைச் சேமிப்பதில்லை. ஒரு மாநிலத்தின் கேள்வியை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோய்ப் பதிலைக் கொண்டுவரும் தபால்காரர் வேலைதான்.

இதில் இரண்டு ஓட்டைகள். எந்த மாநிலங்களில் தேடுவது என்பதைப் பல இடங்களில் பார்ப்பவரோ அவருடைய மென்பொருளோ தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கத்து மாநிலங்களை மட்டும் குறித்து வைத்திருக்கும் மருத்துவமனைக்கு, போன மாதம் டெக்சாஸிலிருந்து குடிவந்தவரின் வரலாறு வெறுமையாகத் தெரியும். அடுத்தது, எந்த மாநிலம் எந்த மாநிலத்தோடு பகிரும் என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. வெறுமையான அறிக்கைக்கு 'இவர் எதுவும் வாங்கவில்லை' என்று அர்த்தமில்லை. 'கேட்ட இடத்தில் எதுவும் இல்லை' என்றே அர்த்தம். புது ஊருக்குப் போனதும் பழைய மருத்துவரின் குறிப்புகளையும் கடைசி பார்மசியின் போன் எண்ணையும் கையோடு கொண்டுபோவது இந்த இடைவெளியை அடைக்கும்.

## பெயரில் வரும் வில்லங்கம்

அமெரிக்காவில் எல்லோருக்கும் பொதுவான நோயாளி எண் கிடையாது. ஆகவே பதிவேடு பெயர், பிறந்த தேதி, முகவரி, பின்கோடு ஆகியவற்றை ஒப்பிட்டு 'இவர்கள் ஒரே ஆளாக இருக்கலாம்' என்று பதிவுகளைச் சேர்க்கிறது. ஜான் ஸ்மித்துகளுக்காக யோசித்த இந்த ஏற்பாடு தமிழ்ப் பெயர்களிடம் தடுமாறுகிறது.

செந்தில்குமார் என்ற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்ப் பகுதி காலி. விசாவில் 'செந்தில்குமார்' குடும்பப் பெயராகி, முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' (முதற்பெயர் இல்லை என்பதற்கான குறி) விழுகிறது. இன்ஷூரன்ஸ் அட்டையில் அப்பா பெயரைச் சேர்த்து செந்தில்குமார் சுப்பிரமணியன். ஒரு பார்மசியில் 'செந்தில்' முதற்பெயர், 'குமார்' கடைசிப் பெயர். பிறந்த தேதி எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஆனால் பெயர்கள் நான்கு. பதிவேடு இவரை இரண்டு மூன்று ஆட்களாகப் பிரித்துவிடலாம். அப்போது மருத்துவருக்குப் பாதி வரலாறுதான் கிடைக்கும்.

எதிர்த்திசையிலும் நடக்கும். கார்த்திக், கார்த்திகா என்ற இரட்டையர்: ஒரே பிறந்த தேதி, ஒரே வீடு, ஒரே கடைசிப் பெயர், முதற்பெயரில் ஓர் எழுத்து வித்தியாசம். இருவரின் மருந்துகளும் ஒருவர் தலையில் ஏற வாய்ப்புண்டு. முதலாவதைவிட இதுதான் தொல்லை, ஏனென்றால் உங்களுடையதல்லாத மருந்துக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

வளர்ப்பு நாயும் இதில் சேர்த்தி. வலிப்புக்கு நாய்க்குத் தரும் ஃபீனோபார்பிட்டால் நான்காம் அட்டவணை மருந்து; அதை பார்மசியில் வாங்கினால் சீட்டு உரிமையாளரின் பெயரோடு போகும். கோப்பில் 'மனிதர்', 'விலங்கு' என்று குறிக்க இடம் இருக்கிறது. குறிக்க மறந்தால் நாயின் மாத்திரையை நீங்கள் சாப்பிடுவதாக ஆகிவிடும்.

செய்யக்கூடியது எளிது. ஓட்டுநர் உரிமத்தில் உள்ள அதே எழுத்துகளில், அதே வரிசையில் மருத்துவரிடமும் இன்ஷூரன்ஸிலும் பார்மசியிலும் பெயரை ஒன்றாக்குங்கள். வீடு மாறினால் பார்மசியிலும் முகவரியை மாற்றுங்கள். பலரும் மறப்பது இதைத்தான்.

## எண்கள் எப்படிப் பொய் சொல்கின்றன

பதிவேட்டு அறிக்கையில் ஓபியாய்டுகளுக்கு நேராக எம்.எம்.இ. என்று ஓர் எண் இருக்கும். வெவ்வேறு ஓபியாய்டுகளை ஒரே அளவுகோலில் பார்க்க, ஒரு நாள் அளவை மார்ஃபின் கணக்கில் மாற்றிச் சொல்வது. சூத்திரம்: ஒரு நாள் மில்லிகிராம் × மாற்றுக் காரணி. ஹைட்ரோகோடோனுக்குக் காரணி 1, ஆக்ஸிகோடோனுக்கு 1.5. மேலே பார்த்த முழங்கால் நோயாளிக்கு 5 மி.கி. × 4 வேளை = 20; 20 × 1.5 = 30 எம்.எம்.இ. நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2016இல் 50ஐத் தாண்டும்போது கவனம் தேவை, 90ஐத் தவிர்க்கலாம் என்று சொன்னது. பலர் அதைச் சட்டம்போல் பிடித்துக்கொண்டு, நீண்டகால நோயாளிகளின் மருந்தைத் திடீரென்று வெட்டினார்கள். 2022இல் வந்த திருத்திய வழிகாட்டுதல், இது கறாரான வரம்பல்ல என்று தெளிவாக்க வேண்டியிருந்தது.

இந்த எண் எங்கே தடம் புரளும்? 'எத்தனை நாளுக்கு' என்ற கட்டத்தில். ஆக்ஸிகோடோன் 10 மி.கி., 60 மாத்திரை. சீட்டில் 'ஒன்று அல்லது இரண்டு, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, தேவைப்பட்டால்'. நோயாளி உண்மையில் நாளுக்கு 4 மாத்திரைதான் போடுகிறார். 15 நாள் வரும், 60 எம்.எம்.இ. ஆனால் பார்மசி சீட்டின் உச்சபட்சத்தை வைத்துக் கணக்கிடுகிறது: 2 × 6 = 12 மாத்திரை, ஆகவே 5 நாள் மருந்து. பதிவேடு 120 மி.கி. × 1.5 = 180 எம்.எம்.இ. என்று காட்டும். யாரும் பிழை செய்யவில்லை. இருந்தும் அறிக்கையைப் படிப்பவர் கண்ணுக்கு இது மூன்று மடங்கு. சீட்டில் 'ஒரு நாளைக்கு அதிகபட்சம் இத்தனை மாத்திரை' என்று மருத்துவர் ஒரு வரி சேர்த்தால் இந்தக் குழப்பம் வராது. கேட்டு வாங்க வேண்டிய வரி.

இன்னொன்று, பகுதி வழங்கல். இரண்டாம் அட்டவணைச் சீட்டில் 20 மாத்திரை எழுதியிருந்தாலும், 10 மட்டும் முதலில் தாருங்கள் என்று நோயாளியே கேட்கலாம். 2016 சட்டம் அதற்கு இடம் தந்தது, மாநில விதி குறுக்கே நிற்காதவரை. மீதியை எழுதிய நாளிலிருந்து 30 நாளுக்குள் வாங்க வேண்டும். நல்ல பழக்கம்தான், வீட்டில் மிச்ச மாத்திரை சேராது. பதிவேட்டில் ஒரே சீட்டு எண்ணோடு இரண்டு வரிகளாக வரும். அவசரமாகப் படித்தால் இரண்டு தடவை வாங்கியதாகத் தோன்றும்.

பல மாநிலங்களில் அறிக்கையின் மேலே நார்க்ஸ்கேர் மதிப்பெண்களும் இருக்கும். பாம்பூ ஹெல்த் என்ற தனியார் நிறுவனத்தின் கணக்கு. ஓபியாய்டு, தூக்க-பதற்ற மருந்து, ஊக்க மருந்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 999 வரை. எத்தனை மருத்துவர்கள், எத்தனை பார்மசிகள், எவ்வளவு அளவு, ஒன்றன்மேல் ஒன்று விழும் சீட்டுகள் ஆகியவற்றைப் பொறுத்து ஏறும். கடைசி இலக்கத்துக்குத் தனி அர்த்தம்: அந்த வகையில் இப்போது நடப்பிலுள்ள சீட்டுகளின் எண்ணிக்கை. 342 என்றால் இரண்டு சீட்டு நடப்பில்.

மதிப்பெண் காரணத்தைக் கேட்பதில்லை. 2022 அக்டோபரில் ஆடெரால் தட்டுப்பாட்டை எஃப்.டி.ஏ. (உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு முகமை) அறிவித்த பிறகு, ஒழுங்காக ஒரே கடையில் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் இருப்பு தேடிக் கடை கடையாக அலைந்தார்கள். 'பல பார்மசிகளில் வாங்குபவர்' என்ற அடையாளம் அவர்கள்மேலும் விழக்கூடியதே. புற்றுநோய் நோயாளிக்கும் எண் ஏறும். என் பார்வையில், எண்ணை மட்டும் பார்த்து வரிகளைப் படிக்காமல் முடிவெடுப்பது இந்த ஏற்பாட்டின் மிக மோசமான பயன்பாடு.

## பதிவேட்டின் கண்ணுக்குப் படாதவை

மருத்துவமனைப் படுக்கையில் ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுக்கப்பட்டது ஏறாது. ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கு மெதடோன் தரும் சிறப்பு மையங்களில் வாங்கியது, ரகசியக் காப்பு விதிகளால், பெரும்பாலும் ஏறாது. நோயாளி சம்மதித்தால் அனுப்பலாம் என்ற அனுமதியே 2020இல்தான் வந்தது. உறவினரிடம் கடன் வாங்கிய மாத்திரையும் தெருவில் வாங்கியதும் ஏற வழியே இல்லை. ஆகவே மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் 'வேறு என்ன எடுக்கிறீர்கள்' என்று கேட்டால், 'அதான் கம்ப்யூட்டர்ல இருக்குமே' என்று விடக் கூடாது. மெதடோன் விஷயத்தில் அந்த மௌனம் உயிருக்கே உலை வைக்கும்.

## யார் பார்க்கலாம்?

சிகிச்சை தருபவர், அவருடைய அனுமதி பெற்ற உதவியாளர், மருந்தாளுநர். உங்கள் நிறுவனத்தின் மனிதவளத் துறைக்கு வழி கிடையாது. ஒவ்வொரு தேடலும் யார், எப்போது என்று பதிவாகிறது. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி ஆவலில் தேடும் பார்மசி ஊழியர் சட்டத்தை மீறுகிறார்.

காவல்துறை விஷயம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில இடங்களில் நடப்பிலுள்ள வழக்கு எண் போதும். யூட்டா 2015 முதல் நீதிமன்ற வாரண்ட் கேட்கிறது. ஒரேகான் மாநிலம், டி.இ.ஏ.வும் நீதிமன்ற உத்தரவோடு வரட்டும் என்று வழக்காடியது; 2017இல் ஒன்பதாவது மேல்முறையீட்டு நீதிமன்றம், கூட்டரசுச் சட்டம் தரும் அழைப்பாணையே போதும் என்று டி.இ.ஏ. பக்கம் நின்றது. ஆக, டி.இ.ஏ. கேட்டு வாங்க முடியும். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை. இப்படி ஒரு பட்டியலை அரசு வைத்திருக்கலாமா என்ற அடிப்படைக் கேள்வி இதைவிடப் பழையது: நியூயார்க்கின் கணினிப் பட்டியலை எதிர்த்த வழக்கில் 1977இல் உச்ச நீதிமன்றம் வைத்திருக்கலாம் என்றது.

## தவறு இருந்தால் திருத்துவது

பல மாநிலங்களில் உங்கள் அறிக்கையை நீங்களே கேட்டு வாங்கலாம். படிவம், அடையாள அட்டை நகல், சில இடங்களில் நோட்டரி கையொப்பம் தேவைப்படும். அறிக்கை கைக்கு வந்ததும் ஒவ்வொரு வரியிலும் தேதி, மருந்து, எண்ணிக்கை, நாள், மருத்துவர், கடை ஆகியவற்றை உங்கள் ரசீதுகளோடு ஒப்பிடுங்கள்.

அடிக்கடி தென்படும் பிழை, வாங்காத மருந்து. கடை மாத்திரையை எண்ணிப் பையில் போட்டு வைத்தது, இரவுக் கோப்பு போய்விட்டது, நீங்கள் வரவில்லை, சில நாள் கழித்து மாத்திரை அலமாரிக்குத் திரும்பியது. இன்ஷூரன்ஸ் பில்லை ரத்து செய்த கடை, பதிவேட்டில் ரத்து அனுப்பத் தவறியது. அடுத்தது, ஒரே குடும்பப் பெயருள்ள இன்னொரு மருத்துவரின் பெயரில் ஏறியது. பட்டியலில் ஒரு வரி தள்ளிச் சொடுக்கினால் போதும்.

மாநில அலுவலகத்துக்கு போன் செய்தால் 'பார்மசியைக் கேளுங்கள்' என்றுதான் சொல்வார்கள், அதுவே சரியான பதிலும்கூட. மாநிலம் வரிகளைத் தன் கையால் மாற்றுவதில்லை. கடையில் காசாளரிடம் அல்லாமல் பொறுப்பு மருந்தாளுநரிடம் பேசுங்கள். சீட்டு எண், தேதி, எது தவறு என்று எழுதிக் கொடுங்கள். கோப்பில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு நிலைக் குறி உண்டு: 00 புதியது, 01 திருத்தம், 02 ரத்து. கடை அதே சீட்டு எண்ணுக்கு 01 அல்லது 02 போட்டு மறுபடி அனுப்ப வேண்டும். திருத்தத்தை 00 என்று அனுப்பிவிட்டால் பழைய வரி போகாது, பக்கத்தில் இன்னொரு வரி முளைக்கும். தவறு கடையுடையதல்ல, இரண்டு பேரை ஒன்றாகச் சேர்த்த குழப்பம் என்றால் மட்டும் மாநில அலுவலகத்துக்கே எழுத வேண்டும்; கடை மூடப்பட்டிருந்தாலும் அப்படியே.

திருத்தம் ஏறியதும் வேலை முடிந்துவிடாது. மருத்துவரின் கோப்பில் பழைய அறிக்கையின் பிரதி ஒட்டிக்கொண்டிருக்கும்; அது தானாக மாறாது. புதிதாக ஒருமுறை தேடி, புது அறிக்கையைக் கோப்பில் சேர்க்கும்படி மருத்துவமனையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.